விடை சொல்லாத அக்கா வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, எங்கள் பக்கத்தில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். "இந்தப் பங்குனியில் இரண்டிலும் உப்பு ஒரே அளவா?" என்று கேட்டு முதலாண்டு மாணவர்களைக் கரைக்கு அனுப்பினேன். விடை எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி வழியாகக் கற்பிப்பது என்றால் அதுதான்.

துணைக்கு ஒரு மூன்றாமாண்டு மாணவி போனாள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கண்ணில் வைத்த பையன், "அக்கா, 38 வருதுக்கா" என்றிருக்கிறான். "கடல்னா 35தான்டா" என்று அவளே நோட்டை வாங்கி எழுதிவிட்டாள். ஒன்பது மாதிரிக்கும் 35.

அவளைக் குறை சொல்லமாட்டேன். மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், பயிற்சி கொடுக்கவில்லை. ஆயிரத்துக்கு 35 பங்கு என்பது உலகக் கடல்களின் சராசரி. ஆழமில்லாத கடலில் வெயில் காலத்தில் நீர் ஆவியாகி உப்பு ஏறும். கருவியும் பிசகியிருக்கலாம். காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டு, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு சொட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

இப்போது செமஸ்டருக்கு முன்பே நடித்துப் பழகவைக்கிறேன். ஒருவர் ஜூனியர், ஒருவர் வழிகாட்டி. வழிகாட்டி கருவியையும் பேனாவையும் தொடக்கூடாது. "எப்படி எடுத்தே? இன்னொருத்தர் பார்த்தா என்ன வருது?" என்று கேட்கலாம். முதல் நாள் தவித்துப்போவார்கள். தெரிந்த விடையை வாய்க்குள் வைத்திருப்பதைவிட, "எனக்கும் தெரியல, வா பார்ப்போம்" என்று ஜூனியரிடம் சொல்வது அவர்களுக்கு இன்னும் கஷ்டம். அதற்காகவே, இதே பாடத்தில் போன வருஷம் தடுமாறி எழுந்தவர்களைத் தேடுகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2005இல் தொடங்கிய முதலாண்டு ஆராய்ச்சித் திட்டத்திலும் மூத்த மாணவர்கள்தான் வழிகாட்டிகள். எங்களிடம் மறைக்கும் 'தப்பான' அளவைப் பிள்ளைகள் அக்காவிடம் காட்டுவார்கள். அந்த நம்பிக்கை எந்த ஆசிரியருக்கும் எளிதில் கிடைக்காது.

ஓரிடத்தில் மட்டும் கேள்வி கூடாது. யாராவது கடல் அட்டையைக் கையில் எடுத்தால், "விடு" என்று உடனே சொல்லவேண்டும். 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. இதை வழிகாட்டிகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவர்களில் பலர் சனிக்கிழமை வீட்டில் கருவாடு காயப்போடும் வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு வருகிறார்கள். பஸ் காசும், சான்றிதழில் ஒரு கிரெடிட்டும் கொடுக்கக் கல்லூரிகள் முன்வரவேண்டும். எங்கள் துறையில் இந்த வருஷம் பஸ் காசுக்கு மட்டும் வழி பிறந்திருக்கிறது.