மின்நிலையம் கட்டும் விளையாட்டும் கரும்பு ஜூஸ் வண்டியும்

பெரம்பூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நகரம் கட்டும் கேமில் நிலக்கரி, அணு, காற்றாலை, சோலார் எல்லாமே விலையோடு வருகிறது. மெகாவாட்டுக்கு எது மலிவோ அதையே கட்டிக்கொண்டு போகிறேன், ஜெயிக்கிறேன். நிஜத்தில் தமிழ்நாடு ஏன் அப்படிச் செய்வதில்லை?"

நல்ல கேள்வி. 1993-ல் வந்த 'சிம்சிட்டி 2000' என்ற நகரம் கட்டும் கேமில் நானும் மணிக்கணக்காக உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறேன். 200 மெகாவாட் நிலக்கரி நிலையம் 4,000 டாலர், 4 மெகாவாட் காற்றாலை 100 டாலர். வகுத்துப் பார்த்தால் நிலக்கரி மெகாவாட்டுக்கு 20, காற்றாலை 25. புகையைச் சகித்துக்கொண்டால் நிலக்கரிதான் லாபம்.

அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. அந்த மெகாவாட் எந்த நொடியில் கையில் கிடைக்கும் என்பதுதான் அது.

காந்தம் சுற்றினால் கம்பிச்சுருளில் மின்சாரம் வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் கம்பியில் கரன்ட்டைச் சேமித்து வைக்க முடியாது. நாம் செலவழிக்கும் அதே நொடியில் எங்கோ ஓர் இடத்தில் அது உற்பத்தியாக வேண்டும். அப்படியென்றால் மே மாத இரவில் சென்னையில் லட்சக்கணக்கான ஏசிகள் ஓடுகின்றனவே, ஒவ்வொன்றும் ஆன் ஆவதும் ஆஃப் ஆவதும் மின்நிலையத்துக்கு எப்படித் தெரிகிறது? யாரும் போன் செய்து சொல்வதில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நிற்கிறது. பக்கவாட்டில் கனமான இரும்புச் சக்கரம், அதை பெல்ட் போட்டுச் சுற்றும் சின்ன டீசல் இன்ஜின். கரும்பு உள்ளே போகாதவரை டக்டக்டக் என்று சீராக ஓடும். கடைக்காரர் கரும்பை மடித்து, நடுவில் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து உள்ளே தள்ளியதும் சத்தம் கனத்து இறங்கும். ஆனால் இன்ஜின் நின்றுவிடாது. அந்த முதல் நொடியில் கரும்பைப் பிழிவதில் பெரும்பங்கு சக்கரத்துடையது. சுழற்சியில் வைத்திருந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டு அது கொஞ்சம் வேகம் இழக்கிறது. வேகம் குறைந்ததை இன்ஜினில் உள்ள கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்து டீசலைக் கூடுதலாக விடும். சத்தம் பழையபடி ஏறும். அடுத்த முறை ஜூஸ் குடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். மொத்த மின்கட்டமைப்பும் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதேதான். அங்கே 600 மெகாவாட் இயந்திரத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒன்றோடொன்று பிணைந்து நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. நொடிக்கு 50. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் அந்தச் சுற்றுதான். நீங்கள் ஏசி போட்டால் ஜெனரேட்டருக்குள் காந்த இழுவை ஒரு துளி கூடுகிறது, கரும்பு உள்ளே போன மாதிரி. சுழலும் இரும்பு ஒரு துளி தளர்கிறது. ஹெர்ட்ஸ் இறங்குகிறது. கவர்னர் நீராவி வால்வைத் திறக்கிறது. பெரிய நீராவி இயந்திரம் ஒன்றின் சுழற்சியில் இருக்கும் ஆற்றல், அதன் முழுத் திறனை மூன்று முதல் ஆறு நொடி வரை தரும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வால்வு திறக்க அந்த நொடிகள்தான் அவகாசம்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய கிரிட், அதாவது மின்கட்டமைப்பு, மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் இணைந்தது. அன்றிலிருந்து லூதியானாவில் ஒரு மில் மோட்டாரைப் போட்டாலும் அத்திப்பட்டு இரும்பு அதை உணர்கிறது. அளக்க முடியாத அளவு கொஞ்சம்தான், ஆனால் உணர்கிறது. நாடு முழுக்க இருக்கும் ராட்சத இயந்திரங்கள் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே அடியில் சுற்றுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த ஹெர்ட்ஸ் 49.90-லிருந்து 50.05-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ரொம்ப இறங்கினால் டர்பைனின் நீளமான கடைசி வரிசை இறக்கைகள் அதிர ஆரம்பித்து முறிந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் அதற்கு முன்பே ரிலேக்கள் என்ற பாதுகாப்புக் கருவிகள் தாமாகச் சில ஏரியாக்களின் கரன்ட்டைத் துண்டித்துவிடும்.

இப்போது கேமுக்கு வருவோம். சோலார் பலகையில் சுழலும் இரும்பு இல்லை. புதிய காற்றாலைகள் சுற்றினாலும் நடுவில் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் கிரிட்டின் தளர்ச்சி அவற்றின் இறக்கையைத் தானாக இழுப்பதில்லை. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் அணு உலைகள் ஒரே சீராக ஓடுவதற்கானவை; மாலை ஆறரைக்கு வெயில் போனதும் சட்டென்று ஏற்ற அவை உதவாது. குளிர்ந்து கிடக்கும் நிலக்கரி பாய்லரைச் சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். பேசின் பிரிட்ஜின் 30 மெகாவாட் கேஸ் டர்பைன்கள் நிமிடங்களில் கிளம்பும், ஆனால் எரிபொருள் விலை அதிகம். ஆக, மலிவானது எது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அது மணிக்கு மணி மாறும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதை ஒரே வகை நிலையத்தால் சமாளிக்கவே முடியாது.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கின்போது இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடே மின்விளக்கை அணைத்து அகல் விளக்கு ஏற்றியது. அந்த அகல் விளக்குச் சூட்டில் கிருமி சாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கதையை எத்தனை படித்தவர்கள் நம்பினார்கள் என்பது இன்னும் எனக்கு வருத்தம்தான். உண்மையான அதிசயம் வேறிடத்தில் நடந்தது. தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் லோடு டெஸ்பாட்ச் சென்டர்களில் இருந்தவர்கள் முன்கூட்டியே நீர்மின் நிலையங்களின் உற்பத்தியை ஏற்றி வைத்திருந்து, சரியான நேரத்தில் சுமார் 17,500 மெகாவாட்டை இறக்கினார்கள். கிரிட் விழாமல் தாக்குப்பிடித்தது. தண்ணீரின் கதவை நினைத்தபோது மூடலாம், அதனால் முடிந்தது.

ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு நிலையம் இருக்கிறது, 400 மெகாவாட். கரன்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றும், தேவைப்படும்போது இறக்கிக் கரன்ட் எடுக்கும். ஏற்றுவதில் இழப்பு உண்டு, ஆகவே கேமின் விலைப்பட்டியலில் இது தோற்றுப்போகும். என்னைக் கேட்டால் இன்னும் நாலு காடம்பாறை வேண்டும். கூடவே, இரும்புச் சக்கரம் போல நடந்துகொள்ளும் பேட்டரி இன்வெர்ட்டர்கள் மீதான ஆராய்ச்சிக்கு நம் பொறியியல் கல்லூரிகளுக்குத் தாராளமாகப் பணம் தர வேண்டும். சோலார் கூடக் கூட அந்த முதல் சில நொடிகளை யார் தாங்குவது என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போகிறது.

பெரம்பூர் தம்பிக்கு ஒரு வேலை. வீட்டு இன்வெர்ட்டரில் கிரிட்டின் ஹெர்ட்ஸ் காட்டும் திரை இருந்தால் பாருங்கள். மல்டிமீட்டர் என்றால் பழக்கமுள்ள பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். நான் நேற்று மாலை ஆறே முக்காலுக்குப் பார்த்தேன். 49.96. அப்புறம் 49.94. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மெதுவாக 49.98, 50.01. எங்கேயோ யாரோ ஒரு வால்வைத் திறந்திருக்கிறார்கள்.