வேகம் மாறியது முள்ளுக்கு எப்படித் தெரியும்?

புதிய கார்கள் பலவற்றில் டாஷ்போர்டு என்பது ஒரு திரைதான். முள், எண், எச்சரிக்கை விளக்கு எல்லாமே வரைந்தவை. வேகம் 79-லிருந்து 81-க்கு ஏறினால் முள் நகர்கிறது, எண் மாறுகிறது, எழுத்து சிவப்பாகிறது.

பழைய பாணியில் இதை எழுதினால், வேகம் வந்ததும் முள்ளைத் திருப்பு, எண்ணை மாற்று, நிறத்தைச் சரிபார் என்று வரிசையாகக் கட்டளை போட வேண்டும். நாளைக்கு நான்காவதாக ஒரு பட்டையைத் திரையில் சேர்த்தால், வேகம் மாறுகிற இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து இன்னொரு வரி எழுத வேண்டும். ஒரே ஓர் இடம் விட்டுப்போனாலும் திரை பொய் சொல்லும்.

நார்வேயில் பிறந்த க்யூட் என்ற மென்பொருள் கட்டமைப்பு, 2010-ல் வந்த 4.7 பதிப்பில் கியூஎம்எல் என்ற மொழியைக் கொண்டுவந்தது. அதில் கட்டளைகளுக்குப் பதிலாக உறவுகளை எழுதுகிறோம். ‘கோணம்: வேகம் × 1.5’ என்பது ஒரு வரி. ‘நிறம்: வேகம் 80-ஐத் தாண்டினால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை’ என்பது இன்னொரு வரி. அந்த ‘வேகம்’ சி++ மொழியில் எழுதிய நிரலில் இருக்கும் ஒரு பொருளின் பண்பு, அதாவது பெயரிட்டு வைத்த ஒரு மதிப்பு. கோணமும் நிறமும் திரையில் இருப்பவை. இரண்டையும் இப்படிக் கட்டிவைப்பதுதான் பைண்டிங். எக்செல் கட்டத்தில் சூத்திரம் எழுதுவதைப் போலத்தான் இதுவும். கட்டத்தில் தெரிவது விடை, உள்ளே இருப்பது சூத்திரம். 1979-ல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளின் காலத்திலிருந்து கணக்கர்களுக்குக் கைவந்த விஷயம் இது. திரை வடிவமைப்புக்கு அது வந்து சேரத்தான் நாளாயிற்று.

சரி, வேகம் மாறியது கோணத்துக்கு எப்படித் தெரிகிறது? கியூஎம்எல்லை இயக்கும் மென்பொருளான எஞ்சின் (காரின் எஞ்சின் அல்ல) எந்நேரமும் வேகத்தைக் கண்காணித்துக்கொண்டு இருப்பதில்லை. சூத்திரத்தை முதல்முறை கணக்கிடும்போது எந்தெந்தப் பண்புகளை வாசிக்கிறோம் என்று குறித்துக்கொள்கிறது. வேகத்தை வாசித்தாயிற்றா? அப்படியென்றால், வேகத்தின் ‘மாறிவிட்டேன்’ சிக்னலோடு இந்தச் சூத்திரத்தை இணைத்துவிடுகிறது. சிக்னல் வந்தால் மறுபடி கணக்கு. எதெல்லாம் எதைச் சார்ந்தது என்று புரோகிராமர் பட்டியல் கொடுப்பதே இல்லை, வாசித்ததே சாட்சி.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இரவென்றால் மங்கல் அளவு, இல்லாவிட்டால் பகல் அளவு’ என்று ஒரு சூத்திரம் இருக்கட்டும். பகலில் கணக்கிடும்போது மங்கல் அளவு வாசிக்கப்படவே இல்லை. ஆகவே, அது எத்தனை முறை மாறினாலும் இந்தச் சூத்திரம் அசையாது. இரவு வந்ததும் மறுகணக்கு நடக்கும். அப்போது பழைய இணைப்பு போய்ப் புதியது வரும். சார்புகளின் பட்டியல் ஒவ்வொரு கணக்கிலும் புதிதாகவே எழுதப்படுகிறது.

ஆக, மொத்த வித்தையும் அந்தச் சிக்னலில்தான் தொங்குகிறது. சி++ பக்கத்தில் ஒரு பண்பை அறிவிக்கும்போது அதை வாசிக்கும் செயல்கூறு (ஃபங்ஷன்), எழுதும் செயல்கூறு, மாறினால் எழும் சிக்னல் மூன்றையும் சொல்வது வழக்கம். மூன்றாவதை விட்டுவிட்டால் திரை முதலில் ஒருமுறை சரியான மதிப்பைக் காட்டும், அப்புறம் அதிலேயே உறைந்துவிடும். இதற்காவது எஞ்சின் எச்சரிக்கை தரும். சிக்னலை அறிவித்துவிட்டு, மதிப்பை மாற்றும் இடத்தில் அதை எழுப்ப மறந்தால் எச்சரிக்கைகூட வராது. எழுதும் செயல்கூற்றின் முதல் வேலை, புதிய மதிப்பும் பழையதும் ஒன்றா என்று பார்ப்பது. ஒன்றென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாறாத வேகத்துக்கும் சிக்னல் கிளம்பி, வீண் கணக்குகள் நடந்துகொண்டே இருக்கும்.

அகலம் உயரத்தைப் பார்த்து, உயரம் அகலத்தைப் பார்த்தால்? ஒரு சூத்திரம் கணக்கில் இருக்கும்போதே மறுபடி அதுவே கிளம்பினால், எஞ்சின் சுழற்சி என்று அறிவித்து நிறுத்திக்கொள்கிறது.

இதைவிடத் தொல்லையானது வேறொன்று. எங்கோ ஒரு பட்டன் அழுத்தலில் ‘கோணம் = 0’ என்று எழுதிவிடுகிறோம். முக்காற்புள்ளி போட்டால் உறவு, சமக்குறி போட்டால் வெறும் மதிப்பு. அந்த நொடியில் சூத்திரம் போய்விட்டது. இனி வேகம் எவ்வளவு ஏறினாலும் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். மொழியின் விதிப்படி இது சரிதான், ஆனால் ஒரே ஒரு குறியில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒளித்துவைத்தது நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உறவு திரும்ப வேண்டுமென்றால், சூத்திரத்தை ஒரு செயல்கூறாகச் சுற்றி, பைண்டிங் என்று வெளிப்படையாகச் சொல்லி மறுபடி கொடுக்க வேண்டும்.

மேலும், இந்த உறவு ஒருவழிப் பாதை. ஒலியளவைக் காட்டும் ஸ்லைடரைப் பயனர் இழுத்தால் அது தானாகச் சி++ பக்கம் போகாது. ‘நகர்த்தினால் அங்கே எழுது’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2006-ல் டாட்நெட் 3.0-வோடு வெளியிட்ட டபிள்யூபிஎஃப் என்ற விண்டோஸ் திரைக் கட்டமைப்பில் இருவழிப் பைண்டிங் உண்டு. அதன் எழுத்துப் பெட்டி இயல்பாகவே இருவழி. ஆனால் நீங்கள் தட்டும் எழுத்துகள் உடனே நிரலுக்குப் போவதில்லை, கர்சர் பெட்டியை விட்டு வெளியேறும்போதுதான் போகும். புதிதாக வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம். அங்கே பண்பின் பெயரை வெறும் எழுத்துச்சரமாகக் கொடுப்பதால், பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் செயலி நிற்காது. பெட்டி காலியாக இருக்கும், பிழைச்செய்தி பதிவுகளுக்கு நடுவே ஒரு வரியாகக் கிடக்கும்.

சிக்னலே இல்லாமலும் செய்யலாம். வலைப்பக்கங்களுக்கான ஆங்குலர்ஜேஎஸ் என்ற கட்டமைப்பு அப்படித்தான் செய்தது: ஏதாவது நடந்தால் எல்லாச் சூத்திரங்களையும் மறுபடி கணக்கிட்டுப் பழைய விடையோடு ஒப்பிடும். ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறியிருக்கலாமே என்று மீண்டும் சுற்றும். 10 சுற்றிலும் அடங்காவிட்டால் பிழை என்று கைவிட்டுவிடும். சின்னப் பக்கத்துக்கு இது போதும். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் உள்ள பக்கத்தில் திணறல் தெரியும்.

2020 டிசம்பரில் வந்த க்யூட் 6, இதே பைண்டிங்கைச் சி++ பண்புகளுக்குள்ளேயே எழுத வழி செய்தது. அங்கும் நேரடியாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் சூத்திரம் போய்விடும். கியூஎம்எல்லில் முள் ஏன் நின்றது என்று தேடுபவர்களுக்கு ஒரு வழி: பைண்டிங் நீங்கும்போதெல்லாம் அது எந்த இடம் என்று பதிவில் எழுதும் வசதி எஞ்சினிலேயே இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். நாம்தான் இயக்க வேண்டும்.