உளுத்த மரம் சொல்லும் சாட்சி

வியன்னாவுக்கு வடக்கே உள்ள கிரொய்ட்சன்ஸ்டைன் கோட்டையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், அதை அசல் இடைக்காலக் கோட்டை என்றே நம்பிவிடுவார்கள். பழைய கோட்டையை 1645இல் ஸ்வீடன் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இன்று நிற்பது, அந்த இடிபாட்டின் மேல் 1874 முதல் 1906 வரை வில்செக் பிரபு எழுப்பியது. ஊர் ஊராகத் தேடி வாங்கிய சிற்பங்களையும் கதவுகளையும், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள கோசிட்சே பேராலயத்தைப் புதுப்பித்தபோது கழற்றிய கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) கற்களையும் அவர் இதில் பதித்தார். கிடைக்காததைப் புதிதாகச் செய்வித்தார். இதில் மோசடி ஏதுமில்லை. அதே நகலைப் பழையது என்று சொல்லி விற்றால்தான் அது போலி.

சரி, ஒரு மரச் சிலை உண்மையிலேயே பழையதா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும்; உளி பட்ட காலத்தைச் சொல்லாது. இடித்த வீட்டின் பழைய உத்தரத்தில் நேற்றுச் செதுக்கிய மாதாவும் அந்தச் சோதனையில் தேறிவிடுவார்.

இங்கேதான் மரத்தைத் துளைக்கும் வண்டு சாட்சிக்கு வருகிறது. அதன் புழு மரத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டும். வளர்ந்த வண்டு வெளியேறும்போது மேற்பரப்பில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளை மட்டுமே விழும். ஆனால் சிலையின் கன்னத்தில் சுரங்கம் நீளவாக்கில் பிளந்து வாய்க்கால் போலத் தெரிகிறதா? சந்தேகப்படுங்கள். மரம் உளுத்த பிறகு உளி அதன் குறுக்கே போயிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பழைய சிலைகளின் வண்ணத்தைச் சுரண்டி எடுக்கும் வழக்கமும் இருந்தது. அப்போதும் சுரங்கங்கள் திறந்துகொள்ளும். ஆகவே இந்த ஒரு தடயத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. துரப்பணத்தால் போட்ட பொய்த் துளைகளோ நேராகப் போய் நின்றுவிடும், சி.டி. ஸ்கேனில் அந்தக் குட்டு வெளிப்படும்.

அடுத்தது வண்ணம். சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சின் மேல்தான் இடைக்காலச் சிலைகளுக்கு வண்ணம் ஏற்றினார்கள். அதற்கு நேர் மேலுள்ள முதல் அடுக்கில் பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமி இருந்தால், அந்த வண்ணம் 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது; டைட்டானியம் வெள்ளை என்றால் 20ஆம் நூற்றாண்டு. மேலடுக்கில் மட்டும் இருந்தால் பிற்காலத்தில் மறுபூச்சுப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாதி அசல், பாதி புதுசு என்ற ரகம்தான் நிபுணர்களை அதிகம் படுத்துகிறது. தலை 15ஆம் நூற்றாண்டு, கை 19ஆம் நூற்றாண்டு என்று ஒரே சிலையில் இரண்டும் இருக்கும். அதனால் தலை, கை, பீடம் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கிறார்கள்.