ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் நாம் கவனிக்கத் தவறும் பகுப்பு

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் பெயர்ச்சொல்லின் ஐந்து வகைகளையும் தயங்காமல் ஒப்பிப்பார்கள்: ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். ஆனால் அவர்களே எழுதும் வேலை விண்ணப்பங்களில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்ற சொற்களைப் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான் அதிகமாகத் திருத்துவது இவற்றைத்தான். ஐந்து வகைகளை மனப்பாடம் செய்வதால் இந்தப் பிழை நீங்காது; கவுன்டபிள் (எண்ணக்கூடியது), அன்கவுன்டபிள் (எண்ண முடியாதது, பன்மை 'ஸ்' ஏற்காதது) என்ற பகுப்பைப் புரிந்துகொண்டால்தான் நீங்கும்.

இப்பிழைக்குக் கற்பவரின் அறியாமையைக் குறை சொல்வது நியாயமன்று. தகவல்கள், அறிவுரைகள், வேலைகள் என்று 'கள்' சேர்த்துச் சொல்வது தமிழில் முற்றிலும் இயல்பானது. ஆங்கிலமோ இவற்றை எண்ண முடியாதவையாகக் கொள்கிறது. 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ் டுடே' என்பது நம்மிடையே அன்றாடம் கேட்கும் வாக்கியம். 'எ லாட் ஆஃப் ஒர்க்' என்பதே சரி. 'ஒர்க்ஸ்' என்ற சொல் தவறன்று; ஓர் எழுத்தாளரின் படைப்புகளையோ, 'பப்ளிக் ஒர்க்ஸ்' என்பதில் உள்ளதுபோல் கட்டுமானப் பணிகளையோ அது குறிக்கும். 'பேப்பர்' என்பதும் அப்படியே: எழுதும் தாளாக இருக்கும்போது எண்ண முடியாதது, செய்தித்தாளாகவோ தேர்வுத்தாளாகவோ வரும்போது எண்ணக்கூடியது. ஒரு பெயர் எண்ணக்கூடியதா என்று தெரியாவிட்டால் அதன் முன் 'எ' வருமா, 'மெனி' வருமா அல்லது 'மச்' வருமா, வினை ஒருமையா பன்மையா என எல்லாமே தடுமாறும். இதில் சொல்லின் வடிவத்தையும் நம்ப முடியாது: 'நியூஸ்' ஒருமை வினை கொள்ளும், 'போலீஸ்' பன்மை வினை கொள்ளும்.

எட்டு வகைச் சொற்கள் எனப்படும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சையும் பட்டியலாகப் படிப்பதால் இதே சிக்கல்தான் வருகிறது. 'ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்னும்போது பெயராகவும், 'ரவுண்ட் டேபிள்' என்னும்போது பெயரடையாகவும், 'ரவுண்ட் தி சன்' என்னும்போது ப்ரெபொசிஷனாகவும் நிற்பது ஒரே சொல். வாக்கியத்தில் அது செய்யும் வேலையைப் பார்க்காமல் வகையைச் சொல்ல இயலாது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் குழுவின் அகராதியில், எண்ணக்கூடிய பெயருக்கு 'சி' என்றும் எண்ண முடியாததற்கு 'யு' என்றும் குறியிட்டார். கற்பவருக்கு எங்கே இடறும் என்பதை வகுப்பறையில் கண்டவர் செய்த ஏற்பாடு அது. இன்றைய கற்போர் அகராதிகளிலும் அந்தக் குறிப்பு உண்டு. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. என் மாணவர்கள் புதிய பெயர்ச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது, பொருளுக்கு முன்பாக இந்த ஓரெழுத்தை எழுத வேண்டும் என்பதை நான் கண்டிப்பாக வலியுறுத்துகிறேன்.