வாவிக்கரையில் கினோவா விளையுமா?

கடையில் சின்னப் பை ஒன்றே அரிசியைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறதே, அந்தக் கினோவா என்ற தானியத்தை மட்டக்களப்பு வாவியோரம் உவர் ஏறிக் கிடக்கும் வயல்களில் விதைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். மண் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உவரைக் கணிப்பார்கள்; அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். கினோவாவில் சில இனங்கள் 40ஐ ஒட்டிய, அதாவது கிட்டத்தட்ட கடல்நீர் அளவு உவரிலும் தாக்குப்பிடிக்கின்றன. இதைக் கேட்டவுடன் விதைக்கு அலையத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

கினோவாவின் தாயகம் பெருவும் பொலிவியாவும் பங்குபோடும் டிட்டிகாக்கா ஏரிப் பக்கம். உயரம் சுமார் 3,800 மீட்டர்; நம் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறிப் பரவியதில் ஐந்து பெரிய கூட்டங்களாகப் பிரிந்துவிட்டது: ஏரியைச் சுற்றிய மேட்டுநில இனங்கள், ஆளுயரத்தையும் தாண்டி வளரும் பள்ளத்தாக்கு இனங்கள், வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூட ஒழுங்காகக் கிடைக்காத பொலிவியாவின் உயுனி உப்புவெளிப் பக்கத்து இனங்கள், ஈரமான மலைச்சரிவின் யுங்காஸ் இனங்கள், கடல்மட்டத்துக்கு இறங்கிய சிலி நாட்டுக் கரையோர இனங்கள். "கினோவா எங்கும் வளரும்" என்று எழுதுகிறவர்கள் இந்த ஐந்தின் திறமையையும் ஒரே செடியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

முதலில் உப்பு. இளம் கினோவா இலையைத் திருப்பிப் பார்த்தால் மாவு தூவியதுபோல் இருக்கும். வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தால் அது மாவல்ல, கண்ணாடி மணிபோலத் தளதளவென்று நிற்கும் நீர்ப்பைகள். ஒவ்வொன்றும் ஒற்றை உயிரணு, பக்கத்து உயிரணுவைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெரியது. செடி வேண்டாத உப்பை இதற்குள்தான் கொட்டுகிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள், பாடப்புத்தகக் கதையாகவே ஆகிவிட்டது. 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பைகளே இல்லாத கினோவாவை வளர்த்துப் பார்த்தார்கள். உப்பைத் தாங்குவதில் அது சளைக்கவில்லை, பூச்சிதான் மொய்த்துவிட்டது! பை என்பது பூச்சிக்குப் போட்ட வேலி. உப்பைச் சமாளிக்கும் வேலை வேறு இடங்களில் நடக்கிறது: சோடியத்தை உயிரணுக்களின் உள்ளறைகளில் அடைத்துவைக்கிறது, பொட்டாசியத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொள்கிறது, இலைத்துளைகளைக் குறைத்து நீர் செலவைச் சுருக்குகிறது. வாவிக்கரைச் சேற்றில் தானாக முளைக்கும் உமரி இதே குடும்பம்தான், நம் முளைக்கீரையும் அப்படியே. ஆக உப்பு இங்கே பெரிய தடையல்ல.

தடை பகலின் நீளத்தில் தொடங்குகிறது. மட்டக்களப்பில் வருடம் முழுக்கப் பகலின் நீளம் பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரத்துக்கும் இடையில்தான். கினோவா அடிப்படையில் குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகினால்தான் ஒழுங்காகப் பூக்கும். அந்தீஸ் மலை இனங்களை ஐரோப்பியக் கோடையின் நீண்ட பகலில் போட்டால் செடி பச்சையாக வளர்ந்துகொண்டே போகும், மணி நிரம்பாது; அதனால்தான் அங்கே சிலிக் கரையோர வழிவந்த, பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத இனங்களைத் தேடினார்கள். டென்மார்க்கில் உருவாக்கிய ஓர் இனத்துக்கு 'டிட்டிகாக்கா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், வேடிக்கைதான். சீக்கிரம் பூத்து முடிக்கும் அப்படிப்பட்ட அவசர இனத்தை நம் குறும்பகலிலும் சூட்டிலும் விதைத்தால் அது இன்னும் அவசரப்பட்டு, முழங்கால் உயரம்கூட வராமல் பூத்து, கையளவு கதிரோடு முடித்துக்கொள்ளக்கூடும். மலை இனமோ நம் பகலுக்கு ஒத்துப்போகும், ஆனால் சூட்டுக்கு ஒத்துப்போகாது.

சூடுதான் எனக்குப் பெரிய பயம். பூக்கும் நேரத்தில் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் செத்து, கதிர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பதராகிவிடும். இரவும் ஒரு பிரச்சினை. டிட்டிகாக்கா மேட்டுநிலத்தில் இரவு உறைநிலை வரை இறங்கும். இங்கே 25ஐ ஒட்டியே நிற்கும், பகலில் சேர்த்த மாச்சத்தில் ஒரு பங்கைச் செடி இரவில் மூச்சுவிட்டே தீர்க்கும். சூடும் வறட்சியுமான கச்சான் காற்று வீசத் தொடங்கும் மாதங்களில் பூக்கவிட்டால் கதை முடிந்தது.

சரி, மாரியில் போடலாமே என்றால் அங்கே மழை. மணியில் முளைக்கரு மாப்பகுதியைச் சுற்றி வெளி விளிம்பில் வளையமாகச் சுருண்டிருக்கிறது, உறக்க காலமும் பெரும்பாலான இனங்களில் கிடையாது, ஆகையால் முற்றிய கதிர் ஓரிரு நாள் நனைந்தாலே செடியிலேயே முளைவிடும். ஈரத்தில் அடிச்சாம்பல் நோயும் வரும், அதற்குக் கொஞ்சம் நின்று பிடிப்பவை பள்ளத்தாக்கு இனங்கள்.

என்னைக் கேட்டால், வட்டையில், அதாவது நெல் வயல்வெளியில், பெரிதாக இறங்காமல் வயலைவிடச் சற்று மேடான, நீர் தேங்காத மணற்பாங்கான துண்டில், மாரி ஓய்கிற தை நடுவில் விதைத்துப் பார்க்கலாம். மாசி, பங்குனியில் பூக்கும், சூடு ஏறுவதற்குள் மணி முற்றும். ஒரே இனத்தை நம்பாமல் கரையோர இனம் ஒன்றையும் உப்புவெளி இனம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், கசப்பில்லாத இனம் என்று விற்பதை வாங்கவேண்டாம். அந்தக் கசப்பு மணியின் தோலில் இருக்கும் சபோனின். கழுவினால் சோப்புபோல் நுரைத்துப் போய்விடும், ஆனால் அது இருக்கும்வரை குருவிகள் கதிரை அவ்வளவாகச் சீண்டாது.