ரெண்டு இட்லிதான் மேடம்!

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சொல்லும் பதில் இதுதான். பொய்யில்லை, இட்லி இரண்டேதான். கூடப் போன தேங்காய்ச் சட்னியும், பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெயும், பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையும், பத்து மணிக் காபியும் பிஸ்கட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டது மறந்துபோகிறது. வீணாகிவிடுமே என்று மிச்சத்தையெல்லாம் வழித்துச் சாப்பிடும் அம்மாக்கள் பாடு இன்னும் மோசம்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்க மாட்டேன் என்கிறது' என்று சொன்ன சிலரை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உணவு உள்ளே போயிருந்தது. இத்தனைக்கும் எழுதி வைத்தவர்கள்! ஆகவே எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வருபவர்களை, சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுவரச் சொல்வேன். சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். மூன்று நாள் எழுதினால் போதும், ஆனால் அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். பிரியாணியை விட்டுவிட்டு எழுதிய நோட்டு எனக்கு உதவாது. அந்த மூன்று நாளும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், எனக்காக ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டாம்.

பலகாரத்தின் பெயரோடு நிறுத்தாமல் அளவையும் குறியுங்கள். எந்தக் கரண்டியில் எத்தனை கரண்டி சோறு, தோசைக்கு எத்தனை ஸ்பூன் எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரிக்குக் குறையாது. காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று நாலு தடவை குடித்தால், அதிலேயே 30, 40 கிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செல்போன் ஆப்பில் 'ஒரு கப் சாம்பார்' என்று தட்டிவிடலாம்தான். ஆனால் உங்கள் வீட்டு சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? என் ஓட்டு சாதாரண நோட்டுக்கே.

நோட்டே வேண்டாம் என்பவர்களிடம் மளிகைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வேன். சில சமயம் அதுதான் நோட்டைவிட உண்மை பேசும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். தானியம், பருப்பு எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இதை நாலு பேர் வீட்டுக்கு மாதக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். அரிசி, கோதுமை, ரவை எல்லாம் சேர்த்து 30 கிலோ. பருப்பு வகை, முட்டை, கறி, மீன் சேர்த்து 10 கிலோ. இட்லி மாவில் சேரும் உளுந்தும் இதில் அடக்கம். எண்ணெய் மூன்றரை லிட்டர். அரிசி அளவு தாண்டுவதும், பருப்பு பாதிகூட எட்டாததும் நான் அடிக்கடி பார்ப்பது. காய்கறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டு கரண்டிப் பொரியலோடு முடிந்துவிடும்.

அதனால் நோட்டைப் பார்த்ததும் நான் முதலில் எதையும் நிறுத்தச் சொல்வதில்லை. சுண்டலையும் கூட்டையும் கூட்டினால், மூன்றாவது கரண்டிச் சோற்றுக்குத் தட்டில் தானாகவே இடம் குறையும்.

இரண்டு வகையினர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். எழுத ஆரம்பித்ததும் ஒவ்வொரு வாய்க்கும் குற்ற உணர்வு வருகிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தாங்களாகச் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். நோட்டை மருத்துவரிடம் காட்டி, மருந்தின் அளவைப் பற்றிக் கேட்ட பிறகு சாப்பாட்டில் கை வையுங்கள்.