வழுவா, வழுவமைதியா?

இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றைப் படித்திருப்போம். விதி பிறழ்ந்து வருவது வழு. பிறழாமல் வருவது வழாநிலை. பிறழ்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் தகுந்த காரணம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இலக்கணமே வழிவிட்டால் அது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை வாத்தியார்கள் உதாரணம் காட்டுவார்கள். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இந்தச் சொற்கள், பைத்தான் என்ற நிரல்மொழியின் பக் பட்டியலை, அதாவது கோளாறு என்று பயனர்கள் அனுப்பும் புகார்களின் பொதுப் பட்டியலை, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகு எனக்குத் திரும்பக் கிடைத்தன. பக் என்பதற்கு ‘வழு’ என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ, பொருத்தமோ பொருத்தம். அங்கே நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, வந்திருப்பது வழுவா வழுவமைதியா என்பதைப் பற்றித்தான்.

என் முதல் புகாரே அப்படித்தான். எண்ணை முழு எண்ணாக்கித் தரும் ரவுண்ட் ஃபங்ஷனிடம் 2.5-ஐக் கொடுத்தேன். 3 வரும் என்று பார்த்தால் 2 வந்தது. 3.5 கொடுத்தால் 4 வந்தது. உலகமே பயன்படுத்தும் மொழியில் இவ்வளவு பெரிய ஓட்டையை நான்தான் முதலில் பார்த்தேன் என்ற மிதப்பில் எழுதி அனுப்பிவிட்டேன். சில நிமிடங்களில் மூடிவிட்டார்கள். பைத்தான் 3-ல், சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். எப்போதும் மேலேயே தூக்கிவிட்டால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த விதி அது. ஆவணத்தில் அந்த ஃபங்ஷனுக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. மூடியவர் அந்தப் பக்கத்தின் சுட்டியை ஒட்டி, புகார் கொடுத்ததற்கு நன்றியும் சொல்லியிருந்தார். அந்த நன்றிதான் சுருக்கென்றது.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே என்ற புகாரும் இதே சாதி. தசமப் பின்னங்கள் பலவற்றை, கணினி பயன்படுத்தும் இரண்டடிமான (0, 1 மட்டும் கொண்ட) எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. பைத்தான் மட்டுமல்ல, பெரும்பாலான மொழிகளும் அப்படித்தான் கணக்குப் போடும். இதையும் யாராவது ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

அந்த ‘யாராவது ஒருவர்’ யார் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பைத்தான் 1991-ல் கீடோ வான் ரோஸம் வெளியிட்ட மொழி. அதன் மூலநிரல் 2017-லும் வழுப் பட்டியல் 2022-லும் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தன. 2021 முதல் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சம்பளம் கொடுத்து முழுநேர ஆள் வைத்திருக்கிறது. சில நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களின் நேரத்தைக் கொஞ்சம் ஒதுக்குகின்றன. மற்றபடி நீங்கள் அனுப்பும் புகாரைத் திறந்து பார்ப்பவர், தன் வேலையை முடித்து வந்து, தூங்கப் போவதற்கு முன் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் அதைத் திறந்தவராகத்தான் இருப்பார். அந்த முக்கால் மணியில் நாற்பது நிமிடம் உங்கள் பிரச்சினை என்ன என்று புரிந்துகொள்ளவே போய்விட்டால், அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்து அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே புகார் எழுதுவதில் ஒரே ஒரு வேலையைத்தான் நான் வலியுறுத்துவேன்: நிரலைச் சுருக்குங்கள். ‘எங்கள் ப்ராஜெக்ட்டில் இந்த எரர் வருகிறது’ என்று ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவதால் யாருக்கும் பயனில்லை. படத்திலிருந்து எழுத்தைக் காப்பி எடுக்கக்கூட முடியாது. வேறொருவர் தன் கணினியில் ஒட்டி, ஒரு தடவை ஓட்டினால் அதே கோளாறு வர வேண்டும். ரீப்ரோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

சுருக்குவது எப்படி என்று எனக்குப் புரிந்தது ஒரு இரவில். சுமார் 1,800 வரி நிரல். முந்தின நாள்வரை ஓடியது. திடீரென்று, குத்துமதிப்பாக எண்ணை எடுத்துத் தரும் ரேண்டம் மாட்யூலில் (தயார் நிரல் தொகுப்பில்) அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று எரர். அன்றைக்குத்தான் பைத்தானைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. புகாரின் தலைப்பைக்கூட எழுதிவிட்டேன். ரீப்ரோ வேண்டுமே என்று நிரலில் பாதியை வெட்டினேன், எரர் வந்தது. மீதியில் பாதியை வெட்டினேன், வந்தது. டேட்டாபேஸ் போனது, கோப்பு வாசிப்பது போனது, என் கிளாஸ்கள் எல்லாம் போயின. கடைசியில் இரண்டே வரி: ரேண்டமை இம்போர்ட் செய் (உள்ளே கொண்டுவா), ஒரு எண்ணை எடு. அப்போதும் எரர். இரண்டு வரியில் பைத்தான் விழுகிறது என்றால் அது பெரிய செய்தி! அந்த இரண்டு வரியை வேறொரு ஃபோல்டரில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். சமர்த்தாக ஓடியது. பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், மத்தியானம் எதையோ சோதிக்க நான் எழுதிப் போட்ட ஒரு கோப்பு, பெயர் ‘ரேண்டம்’. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். தன்னுடைய ரேண்டமை விட்டுவிட்டு என்னுடையதை எடுத்திருக்கிறது.

தலைப்பை அழித்தேன். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இப்படி மாட்டிக்கொண்டது நான் ஒருவன் மட்டும் இல்லை. பல வருடங்களாகப் புதியவர்கள் எல்லாரும் விழும் குழி. விதி சரிதான், ஆனால் எரர் வாசகம் ஆளைத் திசைதிருப்புகிறது என்பது ஒரு நியாயமான புகார். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-லிருந்து, உங்கள் கோப்பின் பெயரும் பைத்தானோடு கூடவே வரும் நிலையான நூலகத்திலுள்ள ஒரு மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று எரரே சொல்லிவிடுகிறது. வழுவமைதி என்று முடிவான பிறகும் செய்வதற்கு வேலை மிச்சம் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சில சமயம் வழு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டும் வேலை நகராது. தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு நேரடியாகக் கை சுடும் ஒன்று இருக்கிறது. எழுத்து வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்குப் பின்சாய்வுக் கோடும் டபிள்யூவும் போடுவோம். அதை வைத்து ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். பைத்தான் 3.12-ல் போட்டால் ‘தம’ ஒரு துண்டு, ‘ழ’ ஒரு துண்டு என்று இரண்டாக வெட்டித் தரும். நடுவிலிருந்த இகரக் கொக்கியும் கடைசிப் புள்ளியும் காணாமல் போயிருக்கும். காரணம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்து என்ற வகையில் சேர்க்காமல் ‘குறி’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. பைத்தான் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் சொல்லில் சேர்க்கிறது. தேவநாகரிச் சொற்கள் இப்படித் துண்டாகின்றன என்று 2007-லேயே ஒருவர் தெளிவாகப் புகார் எழுதியிருக்கிறார்.

ஏன் உடனே மாற்றவில்லை என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. விவாதத்தை முழுக்கப் படித்தால் கோபம் தீராவிட்டாலும் காரணம் புரியும். அந்தப் பின்சாய்வு-டபிள்யூவை நம்பி உலகத்தில் எத்தனை நிரல்கள் ஓடுகின்றன! பெயர் சரிபார்ப்பது, கடவுச்சொல் சரிபார்ப்பது, தேடல், பதிவுக் கோப்பு பிரிப்பது எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரே நாளில் அதன் பொருளை மாற்றினால் எங்கெங்கே என்னென்ன உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதே ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வருவதை நான் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறேன். நீளம் என்றால் யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கை என்பது அங்கே விதி. ஆனால் சொல்லை வெட்டுவது? என்னைக் கேட்டால் அது வழுதான். இப்போதைக்கு ரெஜெக்ஸ் என்ற தனி நூலகத்தை நிறுவிக்கொண்டால் சொல் முழுசாக வரும்.

சரி, வழு என்று உறுதியாகிவிட்டது, திருத்தவும் ஆள் இருக்கிறார். அப்புறம்? நான் திருத்தியது மிகச் சின்ன ஒன்று. ஒரு ஃபங்ஷனுக்குக் காலியான சரத்தை (எழுத்தே இல்லாத தொடரை) கொடுத்தால், மதிப்பு தவறு என்னும் வேல்யூ எரர் வர வேண்டும், அப்படி ஓர் இடமே இல்லை என்னும் இண்டெக்ஸ் எரர் வந்தது. திருத்தம் இரண்டு வரி. முதலில் டெஸ்ட் எழுதச் சொன்னார்கள்: திருத்தாத நிரலில் ஓட்டினால் தோற்க வேண்டும், திருத்திய பின் ஜெயிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். திருத்திவிட்டு டெஸ்ட் எழுதினால், எதையும் சோதிக்காத டெஸ்டை எழுதிவிட்டு நாமே கைதட்டிக்கொள்வோம். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வந்தது. மாற்றக் குறிப்பு ஒன்று எழுதினேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எல்லாவற்றிலும் டெஸ்டுகள் தானாக ஓடின.

பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை.

பட்டியலில் பல ஆயிரம் புகார்கள் திறந்து கிடக்கின்றன. திருத்தம் அனுப்புபவர்கள் நிறைய. அனுப்பியதைப் படித்துப் பார்த்து, ஏற்கலாம் என்று தன் பெயரைப் போடும் அதிகாரமுள்ளவர்கள் கொஞ்சம் பேர். உண்மையான நெரிசல் அங்கேதான். கடைசியில் வந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: இண்டெக்ஸ் எரரையே பிடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும் பழைய நிரல்கள் என்ன ஆகும்? நான் அதை யோசித்திருக்கவே இல்லை. பைத்தானில் வழுத் திருத்தங்களை, இன்னும் பராமரிப்பில் இருக்கும் முந்தைய பதிப்புகளுக்கும் பின்னோக்கி எடுத்துப் போவார்கள். என் திருத்தத்தை அப்படிக் கொண்டுபோக வேண்டாம், அடுத்த வருடப் பதிப்பில் மட்டும் வரட்டும் என்று முடிவானது. இரண்டு வரிக்கு முப்பதுக்கு மேல் பதில்கள். அலுவலகத்தில் நான் ரிவ்யூ செய்யும் விதமே அந்தக் கேள்விக்குப் பிறகு மாறியது.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்ற வகைப் புகார்களுக்கு ஒரு சுகம் உண்டு. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஓடிய பதிப்பையும் ஓடாத பதிப்பையும் சொன்னால் நடுவிலிருப்பதை எடுத்துத் தரும். சோதித்து ஆம், இல்லை சொல்லிக்கொண்டே போனால், ஆயிரம் மாற்றங்களில் குற்றவாளி எது என்று சுமார் பத்துச் சோதனையில் அகப்பட்டுவிடும். இதற்கு மொழியின் உள்ளமைப்பு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பொறுமை போதும். ‘இந்த மாற்றத்திலிருந்துதான்’ என்று சுட்டிக் காட்டும் ஒரு வரிப் பதிலுக்கு இருக்கும் மதிப்பு, அரைகுறைத் திருத்தம் பத்துக்கு இல்லை.

எல்லா வழுவும் எரர் வந்துதான் தெரியும் என்பதும் இல்லை. டிம் பீட்டர்ஸ் 2002-ல் பைத்தானுக்கு எழுதிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழிக்கும் போனது. 2015-ல் ஆய்வாளர்கள் சிலர் அது சரியானது என்று கணித முறையில் நிறுவ உட்கார்ந்தார்கள். நிறுவ முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தோண்டியபோதுதான், உள்ளே ஒரு நிபந்தனை எல்லாச் சமயத்திலும் காப்பாற்றப்படுவதில்லை என்று தெரிந்தது. ஜாவாவில் அதை வைத்து நிரலை விழவைத்தே காட்டினார்கள். பைத்தானில் நடைமுறையில் அந்த நிலைக்குப் போக முடியாத அளவுக்குப் பெரிய பட்டியல் வேண்டும். அப்படியிருந்தும் திருத்தினார்கள்.

ஒரே ஒரு வகையை மட்டும் பொதுவெளியில் எழுதாதீர்கள். பாதுகாப்புக் குறை என்று சந்தேகம் வந்தால், அதற்கென்று ஒரு தனிக் குழு இருக்கிறது; அவர்களுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் போட்டால், திருத்தம் வருவதற்குள் தவறான ஆட்களும் படித்துவிடுவார்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. ஏஐ எழுதிக் கொடுத்த புகார்கள். தலைப்பு, முன்னுரை, காரணம், பரிந்துரை என்று பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே கொடுத்திருக்கும் நிரலை ஓட்டினால் ஒன்றும் நடக்காது. சில சமயம் அப்படி ஒரு ஃபங்ஷனே மொழியில் இருக்காது. மோசமான இங்கிலீஷில் நாலு வரி எழுதி, கூடவே ஓடுகிற ரீப்ரோ ஒன்றை வைக்கும் ஆளை எனக்கு ஆயிரம் மடங்கு பிடிக்கும். மொழிக் கூச்சத்தால் புகாரே எழுதாமல் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அங்கே யாரும் உங்கள் வாக்கியத்தைத் திருத்த வருவதில்லை. பதிப்பு எண், இயங்குதளம், எதிர்பார்த்தது, வந்தது, நிரல். முடிந்தது.

திருத்தவும் தெரியாது, புகார் கொடுக்கவும் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால், பட்டியலின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நாலைந்து வருடமாகத் திறந்தே கிடக்கும் ஏதாவது ஒன்றை எடுத்து, அதிலுள்ள நிரலை இன்றைய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். வந்தால் ‘இன்னும் வருகிறது’, வராவிட்டால் ‘எனக்கு வரவில்லை’ என்று பதிப்பு எண்ணோடு எழுதிவிட்டு வாருங்கள். போன தடவை நான் மூன்றை எடுத்தேன். ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டும் எப்போதோ சரியாகிவிட்டவை. வேறு எதையோ திருத்தும்போது கூடவே தீர்ந்திருக்கிறது. மூடுவதற்குத்தான் ஆள் வரவில்லை.